கௌரியைத் தேடிய நாட்கள்

எங்கள் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவு தரைத்தளத்தில், வாசலை ஒட்டி இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும், காரியம் முடித்த கையோடு வருகிறவர்களும் படியேறி அலையக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. கணினிப் பிரிவு மாடியில். ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உதவி புரோகிராமராகச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நான் அந்த அறையை விட்டு இறங்கியதே குறைவு. கீழே நடப்பதெல்லாம் எனக்கு ரிப்போர்ட்டாக மேலே வந்துகொண்டிருந்தது.

ஒரு அம்மா மூன்றாவது தடவையாக வந்து நின்ற அன்றைக்குத்தான் என்னைக் கீழே கூப்பிட்டார்கள்.

மகளைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மகள் பெயர் கௌரி என்று வைத்துக்கொள்வோம். முன்பு வாங்கிய சான்றிதழ் மழையில் ஊறிப்போய்விட்டது. கவுன்டரில் பெயரையும் தேதியையும் போட்டுத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வருகிறது. பதியாத பிறப்பை ஒரு வருடம் கழித்துப் பதிவதென்றால் அப்போது மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். “ரெண்டு தடவையும் கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க சார். இங்கதானே பதிஞ்சோம்?” என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கேட்டு அலுத்துப்போன குரல்.

பிரிவு எழுத்தர் ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பீரோவிலிருந்து அந்த வருடத்துத் தொகுதியை இறக்கி, தேதிவாரியாக விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். நீல மசியில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில், கௌரி. “இருக்கு பாருங்க தம்பி.” அதே தேதியின் பதிவுகளை மட்டும் கணினியில் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தாள். திரையில் தெளிவாகத் தெரிகிற அதே பெயரைத் தட்டித் தேடினால் இல்லை என்கிறது.

இரண்டு பெயரையும் ஒவ்வொரு குறியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கவுன்டரில் தட்டியது கௌரி. சேமிப்பில் இருந்தது கெளரி. நீங்கள் இப்போது இந்த இரண்டையும் படிக்கும்போது வித்தியாசம் தெரியாமல் போகலாம். முதலாவதில் ககரத்தோடு ஔகாரக் குறி, பிறகு ரி. மொத்தம் நான்கு குறிகள். இரண்டாவதில் ககரம், எகரக் கொம்பு, அப்புறம் தனியாக ஒரு ளகரம், பிறகு ரி. ஐந்து குறிகள். கண்ணுக்கு ஒரே குழந்தை. கணினிக்கு இரண்டு பேர்.

இதன் வேர் தட்டச்சு இயந்திரத்தில் இருக்கிறது. தமிழ்த் தட்டச்சில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனி விசை கிடையாது, ளகரத்தையே அடிக்க வேண்டும். இளநிலை, முதுநிலை தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்தவர்களின் விரல் அப்படியே பழகியது. பிறகு கணினி வந்தபோது எங்கள் அலுவலகங்களில் வானவில் எழுத்துருதான் ஆட்சி செய்தது. அதிலும் கொம்பை முதலில் போட்டு, எழுத்தைப் பிறகு போட்டு, கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும் என்ற கணக்குதான். காகிதத்தில் அச்சாகி முடிந்துவிடுகிற கடிதத்துக்கு அது போதும். தேடி எடுக்க வேண்டிய பதிவுக்குப் போதாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ் 99 விசைப்பலகை வந்தது. ககரத்தைத் தட்டி ஔ விசையைத் தட்டினால் முழுசாக ஒரு கௌ கிடைக்கும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ் 16 என்ற இரண்டு குறியேற்றங்களையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதன் பிறகு பழைய பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. மாற்றி ஒன்றை எழுதினேன். கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தி, கொம்பையும் காலையும் சேர்த்து, ஒரே ராத்திரியில் எல்லா வருடங்களையும் ஓட்டி முடித்தேன். மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் ஆணையர் “எத்தனை சதவீதம் ஆச்சு?” என்று கேட்டார். நூறு என்றேன். அப்போது அதை மனதார நம்பித்தான் சொன்னேன்.

கொகரம் கோகரம் போன்றவற்றைப் பிரித்து எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் ஒன்று என்று யூனிகோடு தரமே சொல்கிறது. அதற்கான வழிமுறையை ஓட்டினால் சரியாகிவிடும். ளகரம் போட்டுப் பிரித்த ஔகாரத்துக்கு அப்படி இல்லை. அதன் பின்பாதிக்குத் தரத்தில் தனிக் குறி உண்டு, அது ளகரம் அல்ல. ஆகவே ளகரம் போட்டு எழுதிய கௌரியை எந்த வழிமுறையும் சேர்த்து வைக்காது. ஸ்ரீயிலும் இதே கதை. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். சொத்துவரிப் பிரிவிலும் போய்ப் பார்த்தேன். ஔவையார் தெரு கேட்புப் பட்டியலில் இரண்டு தெருவாகக் கிடந்தது. ஒன்று ஔகாரத்தில், மற்றது ஒகரமும் ளகரமுமாக. பில் கலெக்டருக்கு அது தெரியும். அவர் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு ஒரே தெருவில் நடந்து வசூலித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் மாடி ஏறி வந்து சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆணையரைப் பார்த்து, நூறு சதவீதம் என்று சொன்னது தப்பு, எத்தனை என்று இப்போது எனக்குத் தெரியாது என்றேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உங்க மேசையைக் கீழே போட்டுக்கோங்க. சர்வர் மாடியிலயே இருக்கட்டும்” என்றார். தினமும் மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஒரு தட்டச்சரையும் ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்த ஆய்வுக் கூட்டங்களில் சதவீதம் கேட்பதை நிறுத்திவிட்டு, இந்த வாரம் எந்த வருடத் தொகுதி முடிந்தது என்று கேட்டார். உள்ளாட்சியில் தொழில்நுட்பத் தலைமை பற்றி நான் போகாத பயிற்சி இல்லை. எனக்கு அதைச் செய்து காட்டியவர் அவர்தான். அவருக்கு யூனிகோடு என்றால் என்னவென்று நான் கடைசிவரை முழுசாக விளக்கியதில்லை.

மேசை கீழே வந்த பிறகு கற்றது நிறைய. முதலில் எனக்கு எழுந்த ஆசை, கொம்பும் ளகரமுமாக வருகிற எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடுவது. எழுத்தர் உடனே தடுத்தார். “வெள்ளையம்மாளை என்ன பண்ணுவீங்க தம்பி? தெளிவழகன்னு ஒருத்தர் இருக்காரே?” அவர் சொன்னதிலிருந்துதான் விதி பிறந்தது. கொம்புக்குப் பின் வரும் ளகரம் புள்ளியோ, உயிர்க்குறியோ பெற்றிருந்தால் அது உண்மையான ளகரம், தொடக் கூடாது. மொட்டையாக நின்று அடுத்து வேறு மெய்யெழுத்து வந்தால் சந்தேகப்பட வேண்டும். கௌதம், சௌமியா, மௌனிகா, தௌபீக் எல்லாம் இப்படித்தான் சிக்கினார்கள். சிக்கியவர்களையும் கணினி தானாக மாற்றவில்லை. பட்டியல் போட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு பெயருக்கும் தொகுதியைப் பிரித்து, கையெழுத்தைப் பார்த்து, எழுத்தர் சரி என்று சொன்ன பிறகே மாற்றம்.

அதையும் எங்கே எழுதுவது என்ற கேள்வி வந்தபோது அவர் எனக்கு 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். பதிவில் பிழை இருப்பது நிரூபணமானால் பதிவாளர் திருத்தலாம். ஆனால் மூலப் பதிவை மாற்றக் கூடாது. ஓரத்தில் குறிப்பெழுதி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். பழைய தொகுதிகளில் அந்த ஓரங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். அப்பா பெயரில் விட்டுப்போன முதலெழுத்து, பிழையாக விழுந்த கதவு எண், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொருவருடைய மசி. அடியில் இருக்கும் பழைய எழுத்தை அடித்துக் கறுப்பாக்கிய இடம் ஒன்றுகூட இல்லை. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதிய சட்டம், பதிவை எப்படிப் பாதுகாப்பது என்பதை என் மென்பொருளைவிடத் தெளிவாக வைத்திருந்தது. என் அட்டவணையில் ஓரமே இல்லை. திருத்தினால் பழையது போயே போய்விடும்.

அந்த வாரம் உட்கார்ந்து ஓரத்தைக் கட்டினேன். பதிந்தபடி இருக்கிற பெயர் ஒரு பத்தியில், யாரும் தொட முடியாது. திருத்தம் அடுத்த பத்தியில், யார், எந்த நாள், எந்தத் தொகுதியின் எந்தப் பக்கம் பார்த்து என்ற விவரத்தோடு. மூன்றாவதாகத் தேடுவதற்கென்றே ஒரு பத்தி. அதில் கௌரியும் கெளரியும் ஒரே சாவியாக மடங்கும், இரண்டு ஸ்ரீயும் ஒன்றாகும். சான்றிதழில் அந்தப் பத்தி அச்சாகாது. பெயரும் தேதியும் இரண்டுமே அச்சு அசலாகப் பொருந்தினால்தான் காட்டும் என்று நான் எழுதி வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன். ‘பதிவு இல்லை’ என்ற வாசகத்துக்குப் பதில் ‘கணினியில் கிடைக்கவில்லை, தொகுதியைப் பார்க்கவும்’ என்று வரும்படி செய்தேன். இந்த ஒரு வரிக்காகக் கவுன்டரில் இருப்பவர்கள் சொன்ன நன்றி வேறு எதற்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் அவர் மூன்றாவது தடவை வந்த அன்றே கையால் எழுதிக் கொடுத்தாயிற்று.

பதிமூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் பெயரே ஏறாத சான்றிதழோடு இப்போதும் வருகிறார்கள். பெயரின்றிப் பதிந்த குழந்தைக்குப் 15 வருடத்துக்குள் பெயர் சேர்க்கலாம் என்பதைப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதுதான் பலரும் கேள்விப்படுகிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஔகாரத்தில் விழுந்த ஒரு பிழை இனி ஒரு மனிதரோடு வாழ்நாள் முழுக்க நடக்கும். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015-இல் வந்ததிலிருந்து நூறு நகரங்களில், நம் மாநிலத்தில் பதினொன்றில், பெரிய திரைகளும் கட்டுப்பாட்டு மையங்களும் வந்திருக்கின்றன. அவற்றின் பயனை நான் குறைத்துப் பேசவில்லை, மழை வெள்ளத்தில் அந்தத் திரைகள் வேண்டும். ஆனால் அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிக்கென்று எழுதிய 18 வேலைகளில் பிறப்பு இறப்புப் பதிவும் ஒன்று. புதுமை என்று பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பட்டியலின் 16-ஆவது வரியை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் கூட்டங்களில் எழுந்து சொல்வதுண்டு.

எழுத்தர் ஓய்வு பெற்றுவிட்டார். என் மேசை இன்னும் கீழேதான் இருக்கிறது.

இப்போது பழைய இறப்புத் தொகுதிகளில் இருக்கிறோம். அவற்றில் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாயார்’ என்று மட்டும் எழுதப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும்போது எந்தச் சாவியைப் போட்டாலும் அந்தப் பெண்கள் வர மாட்டார்கள். போன மாதம் ஒருவர் அவருடைய பாட்டி பெயரில் இருந்த கிரயப் பத்திரத்தோடு வந்தார். தொகுதியைத் தேடி எடுத்தோம். ‘மனைவி’ என்றுதான் இருந்தது. பதிவாளர் ஆவணங்களைப் பார்த்து, விசாரித்து, ஓரத்தில் எழுதினார். கருப்பு மசி, கையெழுத்து, தேதி. அவர் எழுதி முடிக்கும்வரை பேரன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து மேசையில் நான் அதைக் கணினியின் ஓரத்திலும் ஏற்றினேன், பெயர் கௌசல்யா, ஔகாரத்தோடு.