கடல் கடந்து ஆங்கிலம் கற்பிப்போர்

பிறந்த மண்ணை விட்டுக் கணவனும் மனைவியுமாக அயல்நாடு சென்று ஆங்கிலம் கற்பிப்பது எதற்காக? சேவை என்னும் ஒரு சொல்லில் விடை அடங்கிவிடாது.

அதிபர் கென்னடி 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்கள், 1962 முதல் 1983 வரை நம் நாட்டில் பணியாற்றினர். அவர்களுள் ஆங்கிலம் கற்பித்தோர் பலர். பணிக்காலம் 2 ஆண்டுகள். கிடைத்ததோ உண்ணவும் உறையவும் போதுமான படித்தொகையே.

1960களின் இறுதியில் என் தமையனாரின் இடைநிலைப் பள்ளிக்கு அத்தகைய தம்பதியர் வந்தனர். வந்த காரணத்தை மாணவர்கள் வினவியபோது, “உலகைக் காண விரும்பினோம்; இருவரும் சேர்ந்தே பணிபுரியவும் விரும்பினோம்” என்றாராம் அம்மையார். கணவரோ, வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பையும் மறைக்கவில்லையாம். (தொண்டர் பணி அவ்வழைப்பைத் தள்ளிவைக்க உதவியதேயன்றி விலக்களிக்கவில்லை.) அந்நேர்மையை நான் மதிக்கிறேன். தன்னலம் சிறிது கலந்ததால் அவர்தம் பாடம் சுவை குன்றவில்லை. தமையனார் பிழையின்றி ஆங்கிலக் கடிதம் எழுதப் பழகியது அவர்களிடமே.

நம் பாட்டன்மார் கப்பலேறியதும் பிழைப்பை நாடித்தானே!

இப்பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர், ஆசிரியையான தம் மனைவியுடன் ஆங்கிலம் கற்பிக்க அதே வியட்நாமுக்குச் செல்லவிருக்கிறார். சம்பளத்திற்காகவா என்று தோட்டத்தில் சிலர் கேட்கின்றனர். அதுவும் ஒரு காரணமே என்று இருவரும் ஒளிக்காமல் கூறினர். அவர்களுக்குரிய நற்சான்றிதழில் மகிழ்வுடன் கையொப்பமிட்டேன்.