கோர்வைக் கரையும் கொத்தடிமையும்

காஞ்சிப் பட்டிலே உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். இரண்டையும் தறியிலேயே இணைப்பது கோர்வை. நெய்பவர் ஒருவரால் அது ஆகாது. மறுபக்கக் கரைக்கு நாடா ஓட்டத் துணைக்கை ஒன்று வேண்டும். நெடுங்காலம் அது சிறுவர் கையாகவும் இருந்தது. மணமேடையில் சேலையைப் புகழ்ந்தோர் ஆயிரம். அந்தக் கையைக் கண்டோர் எத்தனை பேர், தோழர்களே?

2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை அதைக் கண்டு எழுதிற்று. பெற்றோர் முன்பணம் பெறுவர். பிள்ளை தறிக்குப் போவான். கடன் தீரும்வரை விலக முடியாது. விலங்கில்லை, பூட்டில்லை, கணக்கு நோட்டு ஒன்றே போதும்! கேட்டால் தலைவிதி என்பர். கடன் கொடுத்தவன் கையெழுத்தை நான்முகன் கையெழுத்தென்று நம்பவைத்தவர் யார்?

நடுக்கடலில் மீன்பிடிக் கப்பல்களிலும் கட்டாய வேலை உண்டு. அதனைக் கண்டறிய, செயற்கைக்கோள் காட்டும் கப்பல்களின் போக்கை ஆராய்ந்து 2020-இல் அறிஞர்கள் கட்டுரை வெளியிட்டனர். துறைமுகத்தை நெடுநாள் எட்டிப் பாராத கப்பல், நாள்தோறும் அளவுமீறி வலைவீசும் கப்பல் ஆகியவை ஐயத்துக்குரியன. நம் ஊருக்குச் செயற்கைக்கோள் எதற்கு? பள்ளி வருகைப் பதிவேடு இருக்கிறதே! தொடர்ந்து வராத பிள்ளையைத் தேடி ஆசிரியராகிய நாம் சென்றால், சில வீடுகளில் நோய் இராது, கடன் இருக்கும்.

அங்கே கேட்க வேண்டியவை சில. வாங்கியது எவ்வளவு? கணக்கு யார் கையில்? நாளைக்கே வேறிடம் வேலைக்குப் போகலாமா? இதனை முதலாளி எதிரே கேட்டால் "குறையொன்றுமில்லை" என்றே விடை வரும். தனியே கேளுங்கள், வாய் சொல்லாததை மௌனம் சொல்லும்.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே இல்லாததாக்கிற்று. கொத்தடிமைக் கடனென்று தொழிலாளி சொன்னால், அன்றென மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய வேலையே என்று 1982-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

கொடுமை தறியோடு நிற்கவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பத்தார் 42 பேர் மீட்கப்பட்டனர். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்தார். சட்டம் வந்து 43 ஆண்டுகள்! தனக்குரிய உரிமையை வரமென்றெண்ணி வணங்கினார் அவர்.

ஐயம் எழுந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்திலே மனுக் கொடுங்கள். மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்றிதழ் வரும்வரை விடாதீர்கள். சான்றிதழ் இல்லாதவர் வாசலுக்கு அந்தக் கணக்கு நோட்டு மறுபடியும் வரும்.