ஆள் நல்லவர்தான், ஆனால்…

பொஸ்மன் நகரத்தின் விமான நிலையம் பக்கத்து ஊரான பெல்கிரேடில் இருக்கிறது. ஓடுதளத்தை ஒட்டியே பிரிட்ஜர் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் கொட்டகைகள். காட்டுத்தீயின் மேல் ஏரித் தண்ணீரை அள்ளிக் கொட்டும் விமானங்களை இயக்குகிற நிறுவனம் இது. 2014-இல் இதைத் தொடங்கியவர் டிம் ஷீஹி, அமெரிக்கக் கடற்படையின் சீல் படையில் இருந்தவர். பத்தே ஆண்டுகளில் குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளராகிவிட்டார். அவர் வீழ்த்த நினைத்தது ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் டெஸ்டரை. டெஸ்டர் மூன்று முறை வென்றவர். மொன்டானாவில் மாநிலம் முழுவதும் ஓட்டுக் கேட்டு வென்று அப்போது பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர் அவர் ஒருவர்தான்.

2024 அக்டோபர் பிற்பகுதியில் நான் மொன்டானா போனது இந்த ஒரு போட்டியை நேரில் பார்க்கத்தான். சுற்றிலும் எதிர்ப்பு சூழ்ந்த நிலையில், சொந்தச் செல்வாக்கை மட்டும் நம்பி ஒரு செனட்டர் கரையேற முடியுமா? 2022 தேர்தலில் பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்ட செனட்டர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. அந்தக் கணக்குப்படி டெஸ்டருக்குக் கவலையே இருக்கக் கூடாது. ஆனால் கருத்துக்கணிப்புகள் பல வாரங்களாக அவர் பின்தங்குவதையே காட்டின.

அமெரிக்க செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். பதினோரு லட்சம் பேர் வாழும் மொன்டானாவுக்கும் இரண்டு, ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. அவையில் ஜனநாயகக் கட்சித் தரப்பிடம் 51 இடங்கள் இருந்தன. மேற்கு வர்ஜீனியாவில் ஜோ மேன்சின் போட்டியிடவில்லை என்றதுமே அங்கே ஒன்று போனது. அதற்கு மேல் ஒரே ஒரு இடம் கைவிட்டுப் போனாலும் பெரும்பான்மைக்கு ஆபத்து. அதனால்தான் நாட்டின் பணமெல்லாம் இந்த மலை மாநிலத்தில் வந்து இறங்கியது.

எவ்வளவு பணம் என்பதை விடுதி அறையின் தொலைக்காட்சியே சொல்லிவிடும். ஒரு விளம்பரத்தில் டெஸ்டர் அப்போதைய அதிபர் பைடனோடு நிற்கிறார். அடுத்ததில் ஷீஹி பொது நிலங்களைக் கைமாற்றிவிடுவார் என்கிறார்கள். மூன்றாவது மறுபடியும் டெஸ்டர், இந்த முறை வாஷிங்டன் தரகர்களிடம் பணம் வாங்கியவராக. நடுவில் வானிலை அறிக்கை, பிறகு மீண்டும் அதே வரிசை. இந்த ஒரு தொகுதிக்கு இரண்டு தரப்பும் கொட்டியது 25 கோடி டாலரைத் தாண்டும். பதிவான ஓட்டு ஏறக்குறைய ஆறு லட்சம். ஓர் ஓட்டுக்கு நானூறு டாலருக்கு மேல் ஆகிறது.

பொஸ்மனில் அதிகம் நிற்கவில்லை. 2010-இல் 37 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 2020-இல் 53 ஆயிரம் பேர். திரும்பிய பக்கமெல்லாம் புது வீடுகள், கட்டுமானக் கிரேன்கள். டெஸ்டரைப் பக்கத்து வீட்டுக்காரராக அறிந்த மொன்டானா வேறு, விளம்பரத்தில் மட்டும் பார்க்கும் மொன்டானா வேறு. இரண்டாவது வகை வளர்ந்துகொண்டே போகிறது என்பது இந்த ஊரைப் பார்த்தாலே விளங்கும்.

அங்கிருந்து மேற்கே பியூட். மலைச்சரிவில் அடுக்கடுக்காகச் செங்கல் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. செம்பு எடுத்த ஊர், தொழிற்சங்க ஊர். 1955-இல் தோண்டத் தொடங்கிய பெர்க்லி குழி 1982-இல் மூடப்பட்டது. இப்போது அதில் அமிலமும் உலோகமும் கலந்த தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. மேடையில் நின்று பார்க்கலாம், இறங்க முடியாது.

நான் தேடிப் போனது வில்லியம் கிளார்க்கின் மாளிகையை. செம்பு அரசர்களில் ஒருவர் என்று பெயரெடுத்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், செதுக்கு வேலை நிறைந்த மரப் படிக்கட்டு. இப்போது விருந்தினர் தங்கும் விடுதியாக இருக்கிறது. அந்தக் காலத்தில் செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1899 ஜனவரியில் கிளார்க்குக்காக விநியோகிக்கப்பட்ட பணம் என்று சொல்லி, ஓர் உறுப்பினர் சட்டமன்றத்தில் முப்பதாயிரம் டாலரை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் அதே மாதம் கிளார்க் தேர்வானார். செனட்டின் குழு விசாரித்து அவருக்கு எதிராக முடிவெடுக்க, 1900 மே மாதம் பதவி விலகினார். அடுத்த ஆண்டே மறுபடியும் தேர்வாகி ஆறு ஆண்டுகள் செனட்டில் உட்கார்ந்தார். 1913-இல் வந்த 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடம் கொடுத்தது. அதற்கு வழிகோலிய ஊழல்களைப் பட்டியலிடும் எவரும் கிளார்க்கின் பெயரை விடுவதில்லை.

மொன்டானா மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 1912-இல் வாக்கெடுப்பு நடத்தி, தேர்தலில் நிறுவனங்கள் பணம் செலவழிப்பதற்குத் தடை கொண்டுவந்தார்கள். ஒரு நூற்றாண்டு நின்ற சட்டம் அது. 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. கிளார்க்கின் வரவேற்பறையில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தங்கள் அரசியலைப் பணத்திடமிருந்து காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே சட்டம் இயற்றிய மக்கள், இப்போது தினமும் மாலையில் தங்கள் வீட்டுக் கூடத்தில் வெளியூர்ப் பணத்தின் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாளிகைக்குக் கீழே ஓர் உணவகத்தில் பேஸ்டி சாப்பிட்டேன். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடிச் சுட்ட ரொட்டி. சுரங்கத்துக்குள் கையில் எடுத்துப் போகத் தோதாக இருந்ததால் தொழிலாளர்களோடு இந்த ஊருக்கு வந்த சாப்பாடு. எதிர் மேசையில் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர். அவர் அப்பா காலத்தில் ஜனநாயகக் கட்சிக்குத் தவிர வேறெதற்கும் அந்த வீட்டில் ஓட்டு விழுந்ததில்லையாம். இப்போது அதிபருக்கு டிரம்ப், செனட்டுக்கு டெஸ்டர் என்று மனதில் முடிவு செய்திருந்தார். இப்படிப் பிரித்துப் போடுபவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு விடை போன்ற ஒன்று வடக்கே கிரேட் ஃபால்ஸில் கிடைத்தது. மால்ம்ஸ்ட்ரம் விமானப்படைத் தளம் இருக்கும் ஊர். முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர். டெஸ்டர் இசையில் பட்டம் வாங்கியதும் இங்கேதான். ஒன்பது வயதில் வீட்டுக் கசாப்புக் கடையின் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இடது கையின் மூன்று விரல்களை இழந்தவர் அவர். வலது கையால் வாசிக்க முடிகிற டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார், பள்ளியில் இசை ஆசிரியராகவும் இருந்தார்.

ஒரு காபிக் கடையில் வயதான தம்பதி அஞ்சல் வாக்குச்சீட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். மொன்டானாவில் பெரும்பாலானோர் இப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். சீட்டு வீட்டுக்கு வரும், நிரப்பி, உறையின் மேல் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்பலாம், அல்லது தேர்தல் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு நீள்வட்டம். அதைப் பேனாவால் முழுவதும் கருப்பாக்க வேண்டும். ஒரே கோட்டில் கட்சிக்கு மொத்தமாகப் போடும் வசதி கிடையாது. அதிபருக்குத் தனி வட்டம், அதன் கீழே செனட்டுக்குத் தனி வட்டம். இரண்டுக்கும் இடையே பேனா நகர வேண்டிய தூரம் இரண்டு மூன்று விரற்கடை.

கணவர் படையில் இருந்தவர். போர்க்களங்களில் எரித்த குப்பைப் புகையால் நோயுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் தரும் பேக்ட் சட்டம் 2022-இல் வந்தது. செனட்டின் முன்னாள் படைவீரர் குழுவுக்குத் தலைமை வகித்து அதை நிறைவேற்றியவர்களில் முதன்மையானவர் டெஸ்டர். அந்தச் சட்டத்தால் தன் நண்பர்கள் பலன் அடைந்ததை அந்தக் கணவரே எனக்கு விவரித்துச் சொன்னார். ஜான் என்றுதான் டெஸ்டரைக் குறிப்பிட்டார், பெயர் சொல்லும்போது குரலில் ஒட்டுதல் இருந்தது. ஆள் நல்லவர்தான், ஆனால் அவர் ஜெயித்தால் செனட் அந்தக் கட்சியின் கையிலேயே இருந்துவிடுமே என்றார். டிரம்புக்கு ஒரு வட்டம், ஷீஹிக்கு ஒரு வட்டம். மனைவி தன் சீட்டைத் தனியாக நகர்த்தி வைத்துக்கொண்டு கருக்கலைப்பு உரிமை பற்றிய 128-ஆவது முன்மொழிவுக்கு ஆம் என்று நிரப்பினார். செனட்டுக்கு யார் என்று நான் கேட்கவில்லை.

விரோதம் இல்லாமலே விழும் எதிர் ஓட்டை டெஸ்டர் எந்தப் பேச்சால் திருப்ப முடியும்? முடிந்ததையெல்லாம் அவர் செய்துதான் பார்த்தார். பைடன் அதிபர் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று ஜூலையிலேயே வெளிப்படையாகச் சொன்ன இரண்டாவது ஜனநாயகக் கட்சி செனட்டர் அவர். கட்சியின் சிகாகோ மாநாட்டுக்குப் போகவில்லை. பைடனுக்குப் பதிலாக வேட்பாளரான கமலா ஹாரிஸுக்கு ஆதரவு என்று அறிவிக்கவும் இல்லை.

கிரேட் ஃபால்ஸிலிருந்து டெஸ்டரின் ஊரான பிக் சாண்டிக்கு 87-ஆம் எண் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் கோதுமை நிலம், வானம் தொடும் தூரம் வரை. செப்டம்பரில் விதைத்த குளிர்காலக் கோதுமை அரை அடிகூட எட்டாத பச்சைக் கோடுகளாக வரிசை பிடித்திருந்தது. பக்கத்திலேயே அறுத்துமுடித்த தாள் மட்டும் நிற்கும் தரிசு. ஈரத்தைச் சேமிக்க நிலத்தை இப்படி மாற்றி மாற்றி விடுகிறார்கள். ஊரில் அறுநூறு பேர் இருந்தால் அதிகம். ரயில் பாதை ஓரம் தானியக் கிடங்குக் கோபுரங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மளிகைக் கடை.

இந்த ஊரை ஒட்டித்தான் டெஸ்டர் தாத்தா காலத்து நிலத்தில் இயற்கை முறையில் கோதுமையும் பருப்பும் விளைவிக்கிறார். வாரக் கடைசியில் வாஷிங்டனிலிருந்து பறந்து வந்து டிராக்டர் ஏறிய செனட்டர் என்பது வெறும் பிரசாரப் படம் இல்லை. அறுவடையில் அவரைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். இருந்தும், ஊருக்குள் வரும் வழியில் வேலிகளில் டெஸ்டர் பலகைக்கு ஈடாக ஷீஹி பலகைகளும் நின்றன. சொந்த மண்ணிலேயே அப்படி. அந்த வேலிகளைப் பார்த்தபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது.

டெஸ்டரின் முந்தைய வெற்றிகளை இப்போது மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். 2006-இல் அவர் உள்ளே வந்ததே நெருக்கடியில் இருந்த ஒரு செனட்டரைத் தோற்கடித்துத்தான். மூன்று முறை வென்று 18 ஆண்டுகள் இருந்த கான்ராட் பர்ன்ஸ், வாஷிங்டன் தரகர் ஜேக் ஏப்ரமாஃபின் ஊழல் விவகாரத்தில் பெயர் அடிபட்டு, மூவாயிரத்து ஐந்நூறு ஓட்டுச் சொச்சத்தில் தோற்றார். 2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி இங்கே 13 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்றும் டெஸ்டர் தப்பினார். மூன்றாவது வேட்பாளர் ஒருவர் ஆறு விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2018-இல் அதிபர் தேர்தலே இல்லை. 2024-இல் அந்த வசதிகள் எதுவும் இல்லை, வாக்குச்சீட்டில் மேலே டிரம்ப் இருந்தார்.

நவம்பர் 5 அன்று டிரம்ப் மொன்டானாவை ஏறத்தாழ 20 புள்ளிகளில் வென்றார். ஷீஹி 52.6 விழுக்காடு, டெஸ்டர் 45.5. ஹாரிஸை விட 44 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார் டெஸ்டர். தான் ஜெயித்த 2018-ஐ விடவும் 22 ஆயிரத்துக்கு மேல் அதிகம். இருந்தும் தோற்றார். கருக்கலைப்பு உரிமைக்கான 128-ஆவது முன்மொழிவு 57 விழுக்காட்டுக்கு மேல் பெற்று நிறைவேறியது. 1911-க்குப் பிறகு முதல் முறையாக மொன்டானாவின் இரண்டு செனட்டர்களும் குடியரசுக் கட்சியினர் ஆனார்கள்.

அதே தேர்தலில் ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் விஸ்கான்சினில் டாமி பால்ட்வினும் நெவாடாவில் ஜாக்கி ரோஸனும் பிழைத்தார்கள். இரண்டு மாநிலத்தையும் டிரம்ப் வென்றார், ஆனால் முன்னதில் ஒரு புள்ளிக்கும் குறைவு, பின்னதில் மூன்று புள்ளி. ஓஹையோவில் அவருடைய முன்னிலை 11 புள்ளி, அங்கே அதே கட்சியின் ஷெரட் பிரவுன் வீழ்ந்தார். பென்சில்வேனியாவில் இரண்டு புள்ளிகூட இல்லை, பாப் கேசி அதிலும் மயிரிழையில் தோற்றார். சொந்தப் பெயர் ஒரு செனட்டருக்குச் சில புள்ளிகளைத்தான் சம்பாதித்துத் தரும். டெஸ்டரைப் போல ஹாரிஸை விட ஏழு புள்ளி கூடுதலாக வாங்குவதே பெரிய சாதனை, ஆனால் பள்ளமோ இருபது. 2016-இல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலமும் அதிபருக்குப் போட்ட கட்சிக்கே செனட்டுக்கும் போட்டது. 2020-இல் விதிவிலக்கு ஒன்றே ஒன்று: மெயின் மாநிலம் பைடனை 9 புள்ளி முன்னே நிறுத்தி, குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸையும் எட்டுப் புள்ளிக்கு மேல் ஜெயிக்க வைத்தது.

ஒரு செனட்டர் தடுமாறுகிறார் என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, அவரது குணநலனைப் பற்றி எழுதியதைப் படிப்பதற்கு முன், அந்த மாநிலம் கடைசியாக அதிபருக்கு எப்படி ஓட்டுப் போட்டது என்று பாருங்கள். காலின்ஸ் வகிக்கும் இடத்துக்கு 2026 நவம்பர் 3 அன்று தேர்தல். 2024-இல் மெயினை ஹாரிஸ் ஏறத்தாழ ஏழு புள்ளிகளில் வென்றார். இந்த முறை வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளர் பெயர் எதுவும் இருக்காது.