கழிமுகத்தின் கொடுக்கல் வாங்கல்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்பர். மலைக்காட்டின் மக்கிய இலைகளையும் சமவெளியின் வண்டலையும் ஆறு அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அடங்கியுள்ளன. அச்சத்துகளைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத மிதவைப் பாசிகள் வளர்கின்றன. பாசிகளை மட்டிகளும் இறால் குஞ்சுகளும் உண்கின்றன. அவற்றை மீன்கள் உண்கின்றன. இறந்த உயிர்கள் சேற்றில் மக்குகின்றன. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீண்டும் சத்தாக மாற்றுகின்றன. தழைச்சத்தின் ஒரு பகுதியைக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. எஞ்சியதில் ஒரு பங்கை ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், வாரிச் செல்கிறது. வெப்பநாடுகளில் ஆண்டு முழுவதும் வெயில் காய்வதால் இச்சுழற்சி விரைந்து நடைபெறுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை நன்கு அறிந்தவர்கள் கேரளத்தின் பொக்காளி உழவர்கள். கொச்சியைச் சூழ்ந்த உவர்நிலங்களில், மழைநீர் உப்பைக் கழுவியதும் அவர்கள் நெல் விதைக்கின்றனர். அறுவடையின்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு, தாளை நீரிலேயே விட்டுவிடுகின்றனர். மழைக்காலம் முடிந்து கடல்நீர் ஏறும்போது, அதனோடு இறால் குஞ்சுகளும் வயலுக்குள் வருகின்றன. அழுகும் தாளால் இறால்களுக்கு இரை கிடைக்கிறது; இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகிறது. இரசாயன உரம் அங்கே தேவைப்படுவதில்லை.

கொச்சியில் கடலைச் சேரும் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதியில் நிலைமை வேறு. அங்குள்ள குட்டநாட்டில், கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைகிறது. கோடையில் உப்புநீர் புகுந்து பயிரை அழிக்காதிருக்க, 1970களில் தண்ணீர்முக்கம் என்னும் இடத்தில் காயலின் குறுக்கே தடுப்பணை எழுப்பப்பட்டது. கோடையில் அதன் மதகுகள் மூடப்படும். நெல் பிழைத்தது, ஆனால், ஓதம் தடைப்பட்டது. வயல்களில் இட்ட உரமும் ஊர்களின் கழிவும் வெளியேற வழியின்றித் தேங்கின. உப்புநீரில் வாழமாட்டாத ஆகாயத்தாமரை, தேங்கிய சத்தை உறிஞ்சி நீர்ப்பரப்பை மூடியது. அழுகும் களைகள் நீரிலுள்ள உயிர்வளியைக் குறைப்பதால் மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. கடலுக்கும் காயலுக்கும் இடையே சென்றுவர வேண்டிய இறாலுக்கும் வழி அடைபட்டது.

மதகு திறக்கும் நாள் தள்ளிப்போனால் மீனவரின் வலை வெறுமையாகிறது. முந்தித் திறந்தால் உழவரின் விளைச்சல் கெடுகிறது. இருவரும் ஒரே காயலை நம்பி வாழ்பவர்கள். இருவரின் பசியும் உண்மையானது. ஆதலால் ஒருவரை மட்டும் குற்றம் கூறுவது எளிதன்று.

உலகளவில் சிறப்பு வாய்ந்த ஈரநிலம் என 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது இக்காயல். அதனைக் காக்கும் வழிகளும் தெரிந்தவையே: பயிருக்கு வேண்டிய அளவே உரமிடுதல், கழிவுநீரைத் தூய்மை செய்து விடுதல், கரையோர அலையாத்தி மரங்களைப் பேணுதல், இருதரப்பினரும் கூடிப் பேசி உரிய நாளில் மதகுகளைத் திறத்தல். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பழமொழி. காயலுக்கோ, அளவான சத்தும் ஓரிடத்தில் தேங்கிவிட்டால் நஞ்சாகிவிடும்.

சிந்தித்து எழுதுக

1. பொக்காளி வயலில் நெல்லும் இறாலும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன?
2. நீங்கள் வாழும் ஊரின் ஆறு அல்லது ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்துள்ளதா? அதற்குக் காரணம் என்னவாக இருக்கும்?