நான் திருத்தாத விடைத்தாள்

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் இந்த ஏழையும் வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். வகைப்பாட்டியல் பாடத்தில் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே பன்னீர் திராட்சைப் பந்தல், அதையடுத்துத் தென்னந்தோப்பு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல், மேலே மேகமலை. இத்தனையையும் விட்டுவிட்டுக் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்தினேன். சோம்பல் பாதி, பயம் பாதி. வெளியே கூட்டிப் போனால், எனக்குப் பெயர் தெரியாத செடியைக் காட்டி யாராவது கேட்டுவிடுவார்கள்.

இதையாவது எல்லா வாத்தியார்களும் செய்வதுதான் என்று பூசி மெழுகலாம். அடுத்துச் சொல்லப்போவதை அப்படி மெழுக முடியாது.

ஒரு தேர்வில் சிறுசெடி, புதர்ச்செடி, கொடி, மரம் என்று நான்கு கட்டம் கொடுத்து, உள்ளூர்த் தாவரங்களைப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி வாழையைச் சிறுசெடிக் கட்டத்தில் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். விடைத்தாள் கொடுத்த அன்று அவள் எழுந்து, "சார், மரத்த வெட்டுனா பலக கெடைக்கும். வாழைய வெட்டுனா மட்ட மட்டயாத்தான் உரியும். அப்பா சொன்னாரு" என்றாள். அவளுடைய அப்பா தோப்புகளில் கூலிக்குத் தார் வெட்டுகிறவர். "ஊரே வாழை மரம்ங்குது. ஒங்கப்பா என்ன காலேஜ்ல வாத்தியாரா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவே கல்லூரிக் காலத் தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினேன். வாழையில் மரத்தண்டு என்று நாம் பார்ப்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையுறைகள், பெயர் போலித்தண்டு. உண்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அதன் நுனிதான் பூக்கும் பருவத்தில் மட்டைகளுக்கு நடுவே மேலேறிக் குலை தள்ளுகிறது. நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு அது. தார் வெட்டியதும் அந்தத் தண்டின் வாழ்வு முடிந்து, பக்கக்கன்று தலையெடுக்கிறது. கட்டை பாயாத இந்தத் தாவரம் உலகின் மிகப் பெரிய சிறுசெடிகளில் ஒன்று. அதைவிட ஆச்சரியம், அது இஞ்சி வரிசையைச் சேர்ந்தது. போடி மலையில் விளையும் ஏலக்காயும் அதே வரிசைதான். ஏலச்செடியின் தண்டும் இலையுறைகளால் ஆன போலித்தண்டே. பள்ளத்தாக்கின் அடியில் வாழை, மலைமேல் ஏலம், இரண்டும் உறவு. வகைப்பாடு என்றால் என்ன என்று காட்ட எங்கள் ஊருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மறுநாள் நான் அதை நடத்தவில்லை. எடுத்துக்காட்டுப் பட்டியலிலிருந்து வாழையையே தூக்கிவிட்டேன்.

ஆண்டுத் தேர்வில் வினாத்தாள் என் கையில் இல்லை. மரத்துக்கும் சிறுசெடிக்கும் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் மரத்துக்கு 'வாழை' என்று எழுதியிருந்தாள். நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். தெரியாமல் போட்ட முதல் குறியை மன்னிக்கலாம். தப்பு என்று தெரிந்தே கொடுத்த இந்த மதிப்பெண்ணுக்கு என்ன சொல்வது? கூலி வேலை செய்பவரின் கண், பட்டம் வாங்கிய என் படிப்பைவிடக் கூர்மையானது என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

நான் பிழைப்பு நடத்திய துறையோ திருத்தத்திலேயே வளர்ந்தது. 1735இல் திமிங்கலத்தை மீனோடு சேர்த்த வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ், தம் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் தாமே அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அதே பதிப்பில் வௌவாலை மனிதனோடும் குரங்கோடும் ஒரே வரிசையில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். எங்கள் மேகமலையிலேயே ஒரு கதை உண்டு. 1948இல் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அது சாதாரணக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்ற பெயரில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து மறுபடி பார்த்தார். வெளியே தெரியும் வால் இல்லை, பல்லமைப்பும் வேறு. சிற்றினம் மட்டுமல்ல, பேரினமே புதிது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். பழந்தின்னி வௌவால்களைச் சட்டம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்த காலத்திலேயே, இந்த ஒன்றை அதிலிருந்து பிரித்து முதல் அட்டவணைப் பாதுகாப்புக்குக் கொண்டுபோக முடிந்ததற்கு அந்தப் பெயர் திருத்தமே அடிப்படை. இருபத்து நான்கு ஆண்டுத் தவறைத் திருத்தியதால் அந்தக் கழகத்தின் மானம் போய்விடவில்லை. என் மானம் மட்டும் ஒரு பெருக்கல் குறியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் தொல்காப்பிய மரபியல் நடத்துவார். புறத்தே வைரம் பாய்ந்தது புல், அகத்தே வைரம் பாய்ந்தது மரம் என்ற பிரிவு அதில் இருக்கிறது. தென்னையை அறுத்தால் விளிம்பில் கடினம், நடுவில் சோறு. வேம்பை அறுத்தால் நடுவில்தான் வைரம். ஒருவித்திலை, இருவித்திலை வேறுபாட்டை இரண்டு கட்டைகளை வைத்தே காட்டியிருக்கலாம். வாழையை அறுத்து, எதிலும் வைரம் இல்லையே, இதை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைத்தான் அந்தப் பெண் கொண்டுவந்தாள். நான் அவளை உட்காரவைத்தேன்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அந்த வகுப்பில் சிரித்தவர்களில் சிலர் இன்று தோப்பு வைத்திருக்கிறார்கள், சிலர் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: வாழை மரமல்ல. அன்று அவள் எழுதியது சரி, அவள் அப்பா சொன்னது சரி. நான் போட்ட குறியும் தவறு, பிறகு கொடுத்த மதிப்பெண்ணும் தவறு. உங்கள் பிள்ளைகளுக்காவது இதைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.