அச்சுக் கோத்த கரங்கள்

தந்தையார் காலஞ்சென்றபின் எங்கள் குடும்பப் பாரத்தைத் தாங்கியவர் என் தமையனார். பதினான்காம் வயதில் பள்ளியை விடுத்து, பாளையங்கோட்டை அச்சுக்கூடம் ஒன்றில் அச்சுக் கோப்பவராக அமர்ந்தார். யான் கல்லூரி வாயிலை மிதித்தது அவரது ஊதியத்தினாலேயாம்.

ஈய எழுத்துக்களை அறைகளினின்று ஒவ்வொன்றாய் எடுத்து, இடம்வலம் மாறிய வரிகளாகக் கோத்து, அச்சேறியபின் மீண்டும் அவற்றை உரிய அறைகளிற் பிரித்திடல் அவர் தொழில். நாள் முழுதும் நின்றே செய்வார். பிறர் கோத்தவற்றிற் பிழை காணின் கடிந்து பேசார்; தாமே அமைதியாய்த் திருத்திவைப்பார். 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, 'லை', 'னை' முதலியன புதுவடிவம் பெற்றன. இருபதாண்டு பழகிய விரல்களை அவர் முணுமுணுப்பின்றி மாற்றிக்கொண்டார். இளையோர்க்கும் அதனைப் பயிற்றினார். கணிப்பொறி வந்தபின் அவ்வீய எழுத்துக்கள் உருக்குவோரிடம் சென்றன. அன்று மட்டும் அவர் இரவுணவு கொள்ளவில்லை.

நமது கல்லூரி மலரின் பக்கங்களையும் பல ஆண்டுகள் அவர் கோத்ததுண்டு. அன்பர்களே, எண்ணிறந்த ஆசிரியர் பெயர்களை அச்சேற்றிய அவரது பெயர் எந்நூலிலும் இடம்பெறவில்லை. சென்ற ஆண்டு அவர் மறைந்தார். ஈண்டும் அப்பெயரைக் குறித்திலேன். அவர் அதனை விரும்பியிரார். பழைய நூலொன்றைக் கையிலெடுக்குங்கால், அத்தகையோரை ஒரு கணம் நினைமின்.