அண்ணன் சொன்ன பறக்கும் படகு

2024 ஆகஸ்ட் மாதம். மாலைக் காப்பியோடு ஒலிம்பிக் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற போட்டிகளில் பெரும்பாலானவை பாரிசில் நடந்தாலும் பாய்மரப் படகுப் போட்டி தெற்கே மார்சேய் கடலில். (மார்செயில்ஸ் என்றே செய்தியில் வாசிக்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்குக் காது உறுத்தும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் படகு ஓட்டுகிறார் என்பதற்காக உட்கார்ந்தேன். அவருடையது ஒற்றை ஆள் படகு. தண்ணீரில் உட்கார்ந்தே போவது. அது முடிந்து வேறொரு பந்தயம் காட்டினார்கள். நாக்ரா 17 என்று பெயர். இரண்டு உடல் கொண்ட படகு. ஓர் ஆணும் பெண்ணும் விளிம்பில் தொங்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். திடீரென்று இரண்டு உடலும் தண்ணீரை விட்டு மேலே எழும்பின. கத்தி போன்ற தகடுகள் மட்டும் நீரைக் கீறிக்கொண்டு போயின.

"அண்ணே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"யாரு தாத்தா?" என்றான் பேரன்.

யாரென்று சொல்கிறேன்.

எங்கள் வீடு காரைக்காலில் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இருபது வயது அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். பிரெஞ்சுக் கடற்படையில் எஞ்சின் அறை வேலை, தூலோன் நகரில் வீடு. நான் சீர்காழியில் மாமா வீட்டில் தங்கிப் படிப்பை முடித்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, சிட்டா அடங்கலோடு முப்பத்தைந்து வருஷம் ஓட்டினேன்.

அண்ணனுக்கு எரிக் தபார்லி என்றால் நமக்கு எம்.ஜி.ஆர். மாதிரி. அவரும் கடற்படைக்காரர். 1964-ல் தனி ஆளாக அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பந்தயத்தில் ஜெயித்தவர். பத்திரிகைத் துண்டுகளை வெட்டி எனக்கு அனுப்புவார் அண்ணன். 1980-ல் வந்த துண்டு நினைவிருக்கிறது. அடியில் சாய்வான தகடுகள் பொருத்திய மூன்று உடல் படகில் தபார்லி அட்லாண்டிக்கை 10 நாள் 5 மணி நேரத்தில் கடந்திருந்தார். 1905 முதல் நின்ற 12 நாள் சாதனை போயிற்று. படகுக்குப் பெயர் பால் ரிக்கார். பணம் கொடுத்த சாராயக் கம்பெனியின் பெயர்தான்! அது முழுதாய்ப் பறக்கவில்லை. காற்று சாய்க்கும்போது பக்கத்து உடல் அமிழ்ந்துவிடாமல் தகடு தூக்கிப் பிடித்தது, அவ்வளவே.

முழுதாய்ப் பறந்தது அவர் வழியில் வந்த இத்ரொப்தேர் என்ற படகு. கிரேக்க மொழியில் தண்ணீரும் இறக்கையும் சேர்ந்த பெயர். அலென் தெபோ என்பவர் பல வருஷம் உடைத்தும் ஒட்டியும் உருவாக்கியது. 18 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். நீளத்தை விட அகலம் அதிகம்! 2008 டிசம்பரில் கவிழ்ந்தது. சரிசெய்து, 2009 செப்டம்பர் 4 அன்று தூலோனை அடுத்த இயேர் கடலில் 500 மீட்டர் தூரத்தை 51.36 நாட் வேகத்தில் கடந்தது. மணிக்கு 95 கிலோமீட்டர்.

அன்றைக்கே அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, பாய் கட்டின படகு பறந்துச்சுடா! காத்தை விட வேகமா!"

"காத்து இழுக்குற வண்டி காத்தை விட வேகமா எப்படிண்ணே ஓடும்? புளுகாதீங்க."

அவர் விளக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எதையாவது நம்பி ஓடுறது உங்களுக்குப் பழக்கந்தானே" என்று சொல்லிவிட்டேன். அப்பா காரியத்துக்கு வர முடியாமல் போனவர் அவர். போனை வைத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் தபாலில் ஒரு போட்டோ வந்தது. படகு நீருக்கு மேலே நிற்கிறது. பின்பக்கம் தமிழில், "பொய்யா? நீயே பார்." பார்த்தேன், பீரோவில் வைத்தேன், பதில் எழுதவில்லை. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசினோம். படகைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2013-ல் அவர் காலமானார்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு மதகடிக்குப் போனேன். அவனுடைய பரீட்சை அட்டையை, முன்விளிம்பு கொஞ்சம் மேலே இருக்கும்படி சாய்த்து, பாயும் தண்ணீருக்குள் பிடிக்கச் சொன்னேன். அட்டை அவன் கையை மேலே தூக்கிக்கொண்டு வந்தது. விஷயம் இவ்வளவுதான். விமான இறக்கை காற்றில் செய்வதை இந்தத் தகடு நீரில் செய்கிறது. நீர் காற்றை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி, அதனால் சின்ன இறக்கையே ஏழு டன் படகைத் தூக்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நாலு மடங்கு. உடல் நீரை விட்டு எழுந்ததும் நீர் இழுத்துப் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது, வேகம் இன்னும் ஏறும்.

காற்றை விட வேகம் என்ற புதிர் சைக்கிளில் அவிழ்ந்தது. ஆடியில் மேல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வேகமாக மிதித்தால், காற்று முகத்துக்கு நேரே திரும்பி வலுப்பது போலிருக்கும். ஓட்டம் உண்டாக்கும் காற்றும் வீசும் காற்றோடு சேர்கிறது. பின்னாலிருந்து தள்ளும் காற்றை மட்டும் நம்பினால் அதை மிஞ்ச முடியாது. நான் கேட்டதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. பக்கக் காற்றில் ஓடினால் மிஞ்சலாம்.

பக்கக் காற்று படகை ஒதுக்கித் தள்ளாதா? திருமுல்லைவாசலில் ஒரு பெரியவரைக் கேட்டேன். பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய காலத்தில், அதற்கென்றே ஒரு பலகையை நீரில் இறக்குவார்களாம். இத்ரொப்தேரின் இறக்கைகளை 45 டிகிரி சாய்த்து வைத்ததால், ஒரே தகடு தூக்கவும் செய்தது, ஒதுங்காமல் பிடிக்கவும் செய்தது. படகு உயர உயர நீருக்குள் இருக்கும் தகடு குறைந்து, தூக்குவதும் குறையும். அளவுக்கு மேல் எழும்பாது. நான் மிகவும் ரசித்தது இதைத்தான். 50 நாட்டை நெருங்கும்போது மட்டும் வேறு வில்லங்கம்: இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் குறைந்து, கொதிப்பது போல் நீர் குமிழியிடும், பிடிப்பு போய்விடும். அதையும் தாண்டித்தான் அந்த 51.36.

அன்று இரவு தூலோனுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் சாயங்காலம். அண்ணிக்கு எண்பது நெருங்குகிறது.

"அண்ணி, அந்தப் பறக்கும் படகு... அண்ணன் நேரில் பார்த்தாரா?"

"காலையிலேயே கடற்கரைக்குப் போய் பைனாகுலரோட நின்னாருங்க தம்பி. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டலே, உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணாரு."

"போன்ல நான் சொன்னதை உங்ககிட்ட சொன்னாரா?"

"லைன் கட்டாயிடுச்சுன்னு சொன்னாரு" என்றார் அண்ணி.